இடக்கை மருந்தும் வலக்கை மருந்தும்

எம் அத்தா அவர்களுக்கு எலும்பு மச்சையில் புற்று என மதுரையில் கண்டறிந்த ஆண்டு, அருப்புக்கோட்டை வீட்டில் புதியதொரு வழக்கம் தொடங்கிற்று. இஷா தொழுகை முடிந்ததும் ஒரு கேப்சூல். அத்தாவால் அதனை விழுங்க இயலவில்லை. ஆதலால் எம் தம்பியின் மனைவி அதைப் பிரித்து, உள்ளிருந்த பொடியைத் தேனில் குழைத்து ஊட்டுவாள். மணமாகி நான்கு திங்களே ஆன திருச்சுழிப் பெண். பத்து நாள் கழித்து, தான் உண்டாகியிருப்பதாக வெட்கத்துடன் சொன்னாள். வீடு மகிழ்ந்தது.

அவ்வாரமே மருந்து வாங்க மதுரை சென்ற யாம், முன்னரே கொடுத்திருந்தும் படியாது மடித்து வைத்திருந்த தாளைப் பேருந்தில் விரித்தோம். கருவுற்ற பெண்டிர் இம்மருந்தை உண்ணலாகாது. பிரிந்த கேப்சூலைத் தொடவும் ஆகாது. மருந்தின் பெயர் தாலிடோமைடு. காரியாபட்டி கடந்ததும் தெரியவில்லை. வெளியே சீமைக் கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. ஏடு படிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் ஒரு தாளைப் படிக்கத் தவறினார் என்பதை எண்ணி எண்ணி நாணினோம்.

மறுநாள் வேதியியல் துறை நண்பரிடம் ஓடினோம். அவர் தம் இரு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். விரல்கள் ஐந்தும் ஒன்றே, அமைப்பும் ஒன்றே, ஆயினும் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பொருந்துவதில்லை. ஒன்று மற்றொன்றின் ஆடிப் பிம்பம். சில மருந்துகளின் மூலக்கூறுகளும் இவ்வாறே இடவகை, வலவகை என இருவடிவில் அமைகின்றன. ஆலையில் செய்யும்போது இரண்டும் சரிபாதியாகக் கலந்தே கிடைக்கும். நம் உடற்புரதங்களோ ஒருகைப் பாங்கின. பள்ளிவாசல் படியில் அவசரத்தில் மாட்டிய இடக்காற் செருப்பு வலக்காலில் சேராதது போல, ஒருவகை பொருந்துமிடத்தில் மற்றது பொருந்தாது. இப்பண்பிற்கு மேலைநாட்டார் இட்ட பெயர், கையைக் குறிக்கும் ‘கெய்ர்’ என்னும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததாம். கேட்டவுடன் அதனைத் தமிழ்க் ‘கை’யோடு முடிச்சிட எம் நா துடித்தது, அடக்கிக்கொண்டோம்.

தாலிடோமைடு 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்டிரின் குமட்டலுக்கும் உதவுமென உண்டனர். கையும் காலும் குறுகிப் பிறந்த குழந்தைகள் பல நாடுகளிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேல். ஹாம்பர்க் மருத்துவர் லென்ஸ் காரணத்தைச் சுட்ட, 1961 நவம்பரில் அந்நாட்டில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் அம்மையார் சான்று போதாதென்று அனுமதியை மறுத்து நின்றமையால் அங்குப் பேரழிவு தவிர்ந்தது. ஆயினும் மருந்து மடியவில்லை. 1964-இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்பார், தொழுநோயில் தோன்றும் கொடிய வீக்க வலிக்கு அது கைகண்டதெனக் கண்டார். இந்திய மருத்துவர்களும் பங்கேற்று, 1971-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த சோதனை, ஆண் நோயாளிகளிடம் மட்டுமே நடந்தது. காரணம் வெளிப்படை. பின்னர் அத்தாவுக்கு வந்த புற்றுக்கும் அது மருந்தாயிற்று.

1979-இல் ஜெர்மானிய அறிஞர் இருவகையையும் பிரித்து விலங்குகளில் ஆய்ந்து, கருவைச் சிதைப்பது இடவகையே என்றனர். இதனை நண்பர் கூறியபோது எமக்கு மூச்சு வந்தது. “அப்படியாயின் வலவகையை மட்டும் விலைக்கு வாங்க இயலாதா?” என்றோம். அவர் தலையசைத்தார். பல வகுப்பறைகளில் கதை அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறதாம். முயல்களில் அதற்கு முன்னரே செய்த சோதனையில் இருவகையும் ஊறு விளைத்திருந்தன. அன்றியும், தூய வலவகையையே உண்டாலும் குருதியில் சில மணி நேரத்துள் அதில் ஒரு பகுதி இடவகையாகப் புரண்டுவிடும். இடவகையும் அவ்வாறே வலவகையாகும். கையுறையை உட்புறம் வெளியாகத் திருப்பினால் இடது வலதாவது போல. 2010-இல் ஜப்பானியர், இம்மருந்து பற்றும் செரெப்ளான் என்னும் புரதத்தைக் கண்டனர். அதனை இடவகையே மிக இறுகப் பற்றும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆக வேற்றுமை மெய். அவ்வேற்றுமை தரும் காவல்தான் பொய்.

கடைசி மாதவிலக்குத் தொடங்கிய நாள்முதல் எண்ணி, ஏறத்தாழ 34 முதல் 50 வரையுள்ள நாள்களே கருவுக்குக் கொடியவை என்றனர். அவள் தேன் குழைத்தது 41-ஆம் நாள் வரை. “உண்ணவில்லை, விரலில் பட்டதே, அச்சம் சிறிது. ஆயினும் ஐந்தாம் மாதம் ஸ்கேனில் பார்த்துவிடுவோம்” என்றார் மருத்துவர். அன்றுமுதல் யாமே கையுறை அணிந்து மருந்து கொடுத்தோம். அத்தாவுக்கு ஏன் என்று சொல்லவில்லை. அவளோ ஒருநாள், “பெரிய மச்சான், நான் கையைக் கழுவிட்டுத்தானே சாப்பிட்டேன்?” என்று எம்மையே கேட்டாள். அதற்கு யாம் என்ன சொல்வது!

ஐந்தாம் மாதத் திரையில் மருத்துவர் இரு கைகளையும் இரு கால்களையும் தனித்தனியே காட்டினார். தம்பி விரல்களை எண்ணச் சொன்னான், எண்ணிக் காட்டினார்.

பேத்தியின் முகம் பார்த்து மூன்று திங்கள் இருந்து அத்தா மறைந்தார்கள். எஞ்சிய பதினொரு கேப்சூல்களைக் குப்பையில் இட மனம் ஒப்பவில்லை. குப்பை பொறுக்கும் பெண்களும் பிள்ளை பெறுபவரே. மதுரைக்கே கொண்டுபோய், எண்ணிக் கொடுத்துக் கையொப்பமிட்டு வந்தோம். இம்முறை அத்தாளை முழுதும் படித்த பின்னரே கையொப்பமிட்டோம்.