கைகாட்டியும் எல்இடியும்

பழைய காருக்கு எல்இடி இண்டிகேட்டர் போடுறது என்ன பெரிய வேலை? பல்பைக் கழட்டு, எல்இடியை மாட்டு, முடிஞ்சுது. இப்படித்தானே நினைக்கிறீங்க? 1954 மாடல் மாரிஸ் மைனர்ல அப்படி மாட்டினா மூணுல ஒண்ணு நடக்கும். எரியவே எரியாது. இல்லேன்னா எரியும், ஆனா மின்னாது. மின்ன வச்சுட்டாலும், ஒரு நாள் அது செத்துப்போனா ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. இந்த மூணும் ஏன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல், சிவில் மக்களும் தைரியமா படிக்கலாம். பாதிக்கு மேல ஓம் விதிதான்.

கார் என் பெரியப்பாவோடது. ஊர் தேவகோட்டை. மாரிஸ் மைனர் தெரியாதவங்களுக்கு: அலெக் இசிகோனிஸ் வடிவமைச்சு 1948-ல வந்த சின்ன கார். பத்து லட்சம் வண்டி வித்த முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். எங்க வண்டியில ஒரு விசேஷம் உண்டு. இண்டிகேட்டர் விளக்கே கிடையாது, அதுக்குப் பதிலா 'கை' இருக்கு. சுவிட்சைத் திருப்பினா கதவுத் தூணுக்குள்ள இருந்து ஒரு சின்ன கை வெளிய நீட்டும், உள்ள ஒரு குட்டி பல்ப் எரியும். ஆங்கிலத்துல டிராஃபிகேட்டர்னு பேரு. பெரியப்பா கைகாட்டின்னுதான் சொல்வார், ரயில்வே கைகாட்டி மாதிரியே. 1961-லதான் மைனர்ல கையை எடுத்துட்டு மின்னுற விளக்கு வச்சாங்க.

எங்க வண்டிக்கு, நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே யாரோ நாலு ஆம்பர் விளக்கும் ஒரு ஃப்ளாஷர் டப்பாவும் மாட்டி, கைக்குப் போற வயரைப் பிடுங்கிட்டாங்க. அதுல இருந்து கை ரெண்டும் தூணுக்குள்ளயே தூங்குது.

போன ஆவணியில ஒரு சாயங்காலம், பெரியப்பா வலது பக்கம் திரும்பும்போது பின்னாடி வந்த பைக் மோதிருச்சு. ஓட்டின பையன் நம்ம வயசுதான். மணிக்கட்டு எலும்பு உடைஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில அவன் கோபமே இல்லாம சொன்னது, "லைட்டு போட்டதே தெரியலங்க." பெரியப்பா போட்டிருந்தார். அதுதான் அவரை ரொம்ப வாட்டுச்சு. பெங்களூர்ல இருந்து அண்ணன் போன் பண்ணி "வித்துடுங்கப்பா"ன்னான். பெரியம்மா ஒரு தேதி வச்சாங்க: தீபாவளிக்குள்ள பின்னாடி வர்றவனுக்குத் தெரியற மாதிரி பண்ணணும், இல்லேன்னா வண்டி வெளிய போகும். வேலை என் தலையில விழுந்துச்சு.

போட்ட விளக்கு ஏன் தெரியல? இதுல டைனமோ. இன்னைய கார் மாதிரி ஆல்டர்னேட்டர் இல்ல. டைனமோ மெதுவா சுத்தும்போது கிட்டத்தட்ட ஒண்ணும் தராது. திரும்புறதுக்காக வேகத்தைக் குறைச்சு நிக்கிறோம், ஹெட்லைட் வேற எரியுது, எல்லாமே பேட்டரியில இருந்துதான் போகுது. வோல்டேஜ் இறங்குது. இழை பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் குறையும். போதாக்குறைக்குத் துரு பிடிச்ச எர்த். 21 வாட் பல்ப் 1.75 ஆம்பியர் இழுக்கும், வழியில அரை ஓம் இருந்தாலே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போச்சு. ஆக, விளக்கு எப்போ பளிச்சுன்னு எரியணுமோ சரியா அப்போதான் மங்குது. எல்இடி 0.2 ஆம்பியர்தான் கேக்கும், உள்ள ரெகுலேட்டர் இருக்கிறதா வாங்கினா வோல்டேஜ் இறங்கினாலும் வெளிச்சம் பெருசா மாறாது. அதனால எல்இடி ஃபேஷனுக்காக இல்ல, தேவைக்காக.

இப்ப முதல் சிக்கல். இந்த வண்டியில பாடி பிளஸ். ஆமாங்க, பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடியில இணைஞ்சிருக்கு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள்ல இது சாதாரணம். பல்புக்கு எந்தப் பக்கம் கரண்ட் போனாலும் ஒண்ணுதான். எல்இடி ஒரு டயோடு, ஒரு பக்கம்தான் விடும். கடையில கிடைக்கிறது பெரும்பாலும் பாடி மைனஸ்னு நினைச்சு செஞ்சது, மாட்டினா இருட்டுதான். தீர்வு நமக்குத் தெரிஞ்சதே: முதல் வருஷ லேப்ல கட்டின பிரிட்ஜ் ரெக்டிஃபையர். அது உள்ளேயே இருக்கிற எல்இடி பல்ப் கேட்டு வாங்கினா எப்படி மாட்டினாலும் எரியும். இன்னொண்ணு, ஆம்பர் கண்ணாடிக்குப் பின்னாடி ஆம்பர் எல்இடியே போடுங்க. வெள்ளை போட்டா வெளுத்துத் தெரியும்.

ரெண்டாவது சிக்கல் ஃப்ளாஷர். அந்தப் பழைய டப்பாக்குள்ள இருக்கிறது ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு பட்டை. கரண்ட் போனா சூடாகி வளையும், தொடர்பு விடும், விளக்கு அணையும். ஆறினா திரும்ப ஒட்டும். அவ்வளவுதான், மூளையே கிடையாது. ஒரு பக்கத்துக்கு ரெண்டு பல்ப், 3.5 ஆம்பியர். எல்இடி ரெண்டும் சேர்ந்து 0.4. சூடு கரண்டோட ஸ்கொயரைப் பொறுத்தது, அதனால பட்டைக்குக் கிடைக்கிற சூடு 75-ல ஒரு பங்கு. அது வளையவே வளையாது, விளக்கு விடாம எரியும். யோசிச்சுப் பாருங்க, பல்ப் வீணடிக்குதுன்னு நாம திட்டுற அந்தக் கரண்ட்தான் இவ்வளவு நாளா மின்ன வச்சுக்கிட்டு இருந்திருக்கு.

எல்லாரும் சொல்ற வைத்தியம், எல்இடி பக்கத்துல 6 ஓம் ரெசிஸ்டர் போடு. போட்டா 2 ஆம்பியர், 24 வாட் சூடு. டைனமோவைக் காப்பாத்த எல்இடி வாங்கிட்டு, மிச்சம் பிடிச்சதை ரெசிஸ்டர்ல கொட்டுறதுக்கா? எனக்கு மனசு வரல. நம்ம 555 ஐசியை எடுத்தேன். 2.2 கிலோ ஓம், 47 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட். ஃபார்முலாவுல போட்டா நொடிக்கு 1.5, அதாவது நிமிஷத்துக்கு 90 தடவை. சர்வதேச விதி கேக்கிறதும் 90, முப்பது கூடக்குறைய இருக்கலாம். 555 ஒரு ரிலேயை இயக்கும். ரிலே காண்டாக்டுக்கு பிளஸ், மைனஸ் பேதம் இல்ல.

ரிலேயை எங்க வைக்கிறதுங்கிறதுதான் முக்கியம். பழைய ஃப்ளாஷர் சுவிட்சுக்கு முன்னாடி இருந்துச்சு. நான் சுவிட்சுக்குப் பின்னாடி வச்சேன், ரெண்டு காண்டாக்ட் செட் உள்ள ரிலே, இடது வயர் ஒண்ணுல, வலது வயர் இன்னொண்ணுல. சுவிட்ச் எந்தப் பக்கம் திரும்பினாலும் 555-க்குச் சப்ளை போக ரெண்டு டயோடு. இதனால சுவிட்சுக்கும் ரிலேக்கும் நடுவுல விட்டுவிட்டு வராத, நிலையான சப்ளை கிடைக்குது. கை கேக்கிறதும் அதேதான். பழைய முறையில கைக்கு வயர் கொடுத்தா மின்னல் வேகத்துக்குப் படபடன்னு அடிச்சு உடைஞ்சிருக்கும், அதான் பிடுங்கிட்டாங்க போல. நான் திரும்பக் கொடுத்தேன்.

மூணாவது சிக்கலை நான் கண்டுபிடிக்கல. ஊர்ல ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் எல்லாத்தையும் பொறுமையா பார்த்துட்டுக் கேட்டார்: "பழைய டப்பாவுல பின்னாடி பல்பு போனா டிக் டிக் மாறிடும், உள்ள உக்காந்தே தெரிஞ்சுக்கலாம். உங்க ஐசி சொல்லுமா தம்பி?"

சொல்லாது. பின்விளக்கு செத்தாலும் 555 ஜோரா டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், பெரியப்பாவும் நம்பித் திரும்புவார். மணிக்கட்டு உடைஞ்ச பையன் ஞாபகம் வந்துச்சு. முன்ன இருந்ததை விட இது ஆபத்து.

ரெண்டு நாள் யோசிச்சு ரீட் சுவிட்ச் வாங்கினேன். கண்ணாடிக் குழாய்க்குள்ள ரெண்டு மெல்லிய தகடு, பக்கத்துல காந்தப்புலம் வந்தா ஒட்டிக்கும். பின்விளக்குக்குப் போற வயர்ல மெல்லிய கம்பியை அது மேல 120 சுத்து சுத்தினேன். 0.2 ஆம்பியர், 120 சுத்து, 24 ஆம்பியர்-டர்ன். நான் வாங்கினதுக்கு அது போதும். டேஷ்போர்டு விளக்கு இப்ப இந்த ரீட் வழியாத்தான் எரியுது. பின்னாடி நிஜமா கரண்ட் போனாதான் முன்னாடி மின்னும். அண்ணன் பின்விளக்கைக் கழட்டிப் பார்த்தார், டேஷ்போர்டு இருட்டு. திரும்ப மாட்டினார், மின்னுச்சு. "இப்ப சரி"ன்னார். நாலு வருஷத்துல எந்த வைவாவுலயும் எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்ததில்ல.

தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னாடி பெரியப்பா சுவிட்சைத் திருப்பினார். ஆம்பர் வெளிச்சம் எதிர் வீட்டுச் சுவர்ல அடிச்சுது. அவர் அதைப் பார்க்கல. தூணுல இருந்து நீட்டின கையையே பார்த்துக்கிட்டு இருந்தார். "டேய், இது எந்திரிச்சிருச்சுடா"ன்னார், ஏதோ ஆள் மாதிரி. பெரியம்மா தெருமுனை வரைக்கும் நடந்து போய், அங்க இருந்து பார்த்துட்டு வந்து, "தெரியுது"ன்னு மட்டும் சொன்னாங்க. வண்டி வெளிய போகல.

உங்க தாத்தா வீட்டு ஷெட்லயும் ஒரு பழைய வண்டி இருந்தா, எல்இடி ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுத்து பாடி பிளஸ்ஸா மைனஸான்னு பாருங்க. அப்புறம், நீங்க கழட்டப் போற பழைய சாமான் அதோட வேலையைத் தவிர வேற என்னென்ன வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சுன்னு யாரையாவது கேளுங்க. டேட்டாஷீட்ல அது இருக்காது. பக்கத்துத் தெரு எலக்ட்ரிகல் கடையில ஒருத்தருக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.