முகம் நோக்கும் இருக்கை

தலைக்கு மேல் நான்கு கால் நட்டுத் துணி கட்டுவது சிறு விஷயம். ஆயினும் அதன் கீழ் யாரை அமர்த்துகிறோம், எவ்விதம் அமர்த்துகிறோம் என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தின் மனப்போக்கை ஒருவாறு அறிந்து கொள்ளலாம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஓடிய காதலர் ஓடங்களைப் பற்றி ஆங்கில நூலொன்றில் படிக்க நேர்ந்தபோது எனக்கு இவ்வெண்ணம் உண்டாயிற்று. அதை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அவ்வோடங்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருவழக்கில் இருந்தவை. பாஸ்டன் நகரை அடுத்துள்ள சார்லஸ் ஆறு அவற்றிற்குப் பேர்போன இடம். 1897இல் அவ்வாற்றங்கரையில் நோரம்பேகா என்னும் பூங்கா திறக்கப்பட்டது. ஓய்வு நாட்களில் டிராம் வண்டியேறி வந்த இளைஞரும் யுவதியரும் வாடகைக்கு ஓடமெடுத்து ஆற்றில் மிதந்தனர். பிரபுக்களின் விளையாட்டாக இருந்த படகுலா, மாதச் சம்பளக்காரனுக்கும் எட்டியது அப்போதுதான்.

ஓடத்தின் நீளம் பதினாறு, பதினேழு அடி. செடார் மரத்தை விலாவெலும்பு போல வளைத்து, அதன் மேல் மெல்லிய பலகை தைத்து, அதற்கும் மேலே கான்வாஸ் துணியை இழுத்துப் போர்த்தி வர்ணம் தீட்டியிருப்பார்கள். உள்ளே மெத்தைகளும் விரிப்பும் உண்டு. சிலர் கிராமபோன் பெட்டியையும் உடன் கொண்டு போவர். வளைத்த மரச் சட்டங்களின் மேல் குஞ்சம் தொங்கும் துணி விதானம் கட்டுவதும் உண்டு. இரவு விழாக்களில் காகித விளக்குகளைத் தொங்க விடுவர். இலேசான ஓடத்தில் விதானம் கட்டினால் காற்று அதைப் பிடித்துத் தள்ளும். ஆதலின் அமைதியான நீரில்தான் அது பயன்படும். அவ்வோடங்களில் பழைய மரக்கட்டுகள் பல இன்றும் பேணப்பட்டு வருகின்றன. மட்கும் துணியாகிய விதானமோ அவற்றோடு எஞ்சியிருப்பது அரிது.

இத்தனை உறுப்புகளிலும் என் கருத்தைக் கவர்ந்தது ஒரு சாய்மானப் பலகையே. சாதாரண ஓடத்தில் ஏறும் இருவரும் முன்னோக்கியே அமர்வர். பின்னாலிருப்பவன் முன்னாலிருப்பவரின் முதுகைத்தான் காண்பான். காதலர் ஓடத்திலோ இச்சாய்மானத்தில் முதுகைச் சார்த்திய பெண், துடுப்பு வலிப்பவனை நேர்முகமாக நோக்கி அமர்ந்தாள். கரையிலிருந்த பெற்றோர் கண்ணுக்கு ஓடம் தெரியும். அதில் பேசும் பேச்சு மட்டும் அவர்கள் காதில் விழாது. கண்காணிப்பும் சுதந்திரமும் ஒரே இடத்தில் பொருந்திய ஏற்பாடு அது. அங்கும் இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. 1903இல் பூங்கா அதிகாரிகள் ஓடத்தில் படுத்திருப்பதையும் முத்தமிடுவதையும் தடுக்கப் போலீசை ஏவினர். பின்னர் மோட்டார் கார் பெருகவே, இளைஞர் ஆற்றை விட்டுச் சாலைக்குப் போயினர்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். கிள்ளான் ஆற்றிலும் விதானமிட்ட படகுகள் ஓடின. ஓலையைப் பின்னிப் படகின் மேல் கவிக்கும் கூரைக்கு மலாய் மொழியில் 'காஜாங்' என்று பெயர். அதே பெயரில் ஓர் ஊரும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1857இல் ராஜா அப்துல்லாவின் ஆதரவில் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர் இவ்வாற்றின் வழியே ஏறி, கோம்பாக் ஆறு வந்து கலக்கும் முனையில் கரையிறங்கினர். கோலாலம்பூர் பிறந்தது அவ்விதம். அரிசியும் ஈயமும் ஆற்றின் வழியே போய் வந்த காலத்தில், நனையாமல் காக்க வேண்டியிருந்தது சரக்கை. 1886இல் ரயில் வந்ததும் படகின் ஆட்சி முடிந்தது; அந்த ரயிலுக்காக உழைத்த தமிழர் பிரிக்பீல்ட்சில் குடியேறினர்.

தோட்டத்துத் தமிழரின் முன்னோர் கண்ட மேற்கட்டி வேறு. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ரஜூலா போன்ற கப்பல்களில் வந்தோர், மேல்தளத்தில் கட்டிய கித்தான் துணியின் கீழ் பாயை விரித்துப் படுத்தே, அக்காலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகத்தை அடைந்தனர். அது வேலைக்கு வரும் கைகளைக் காத்த நிழல். இறங்கியதும் லயத்து வீடு: ஓர் அறை, ஒரு திண்ணை, பக்கத்து வீட்டு இருமல் கேட்கும் பலகைச் சுவர். விடியுமுன் பெரட்டு, பின்னர் பால் வெட்டு. புதிதாக மணந்தவர்கூட மனம் விட்டுப் பேச இடமற்ற வாழ்க்கை அது. மணமாகாதவர் பேசினால் ஊரே பேசிற்று.

அதே மக்கள் தெப்பத்திருவிழாவுக்குத் திரண்டு போவார்கள். மதுரையில் 1645இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் விதானத்தின் கீழ் விளக்கொளியில் உலா வருகின்றனர். நம் பினாங்கு தெலுக் பஹாங்கிலும் மாசி மகத்தில் அம்மன் கடல்மேல் மிதக்கும் தேரேறுகிறாள். தெய்வத்தைக் குறை கூற நான் வரவில்லை. இறைவனும் இறைவியும் இசையோடும் ஒளியோடும் நீரில் உலாவுவதை அழகென்று கைகூப்பும் நாம், மானிடப் பெண்ணொருத்தி தான் மணக்கவிருப்பவனோடு கால் மணி நேரம் பேசுவதை அவமானமென்று கருதுவது பொருந்துமா என்றே கேட்கிறேன்.

இது மேல்நாட்டு வழக்கமென்று பெரியோர் சொல்லக் கூடும். தொல்காப்பியர் கற்பியலுக்கு முன்னே களவியலை வைத்தார். பரிபாடலில் வையைப் புதுப்புனலில் காதலர் கூடி ஆடுகின்றனர். புகார்க் கடற்கரையில் புன்னை நிழலில், ஓவியத் திரை சூழ, விதானத்தின் கீழ் கோவலனும் மாதவியும் அமர்ந்ததை இளங்கோவடிகள் வருணிக்கிறார். எனவே விதானமும் காதலும் நமக்கு இரவல் பொருள்கள் அல்ல. இடையிலே கைநழுவிப் போனவை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்தனர். பலகாரம் வைத்தாயிற்று, "பெண்ணைப் பிடித்திருக்கிறது" என்ற சொல்லும் வந்தாயிற்று. அப்போது தங்கை என்னை அடுக்களைக்கு அழைத்து, "அண்ணா, என்னை யாரும் கேட்கவில்லையே. நான் அவரோடு பேச வேண்டும்" என்றாள். பெரியப்பா முகம் சுளித்தார். அத்தை மட்டும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், வாசல் தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார். எல்லோர் பார்வையிலும் இருபது நிமிஷம் பேசினர். உள்ளே வந்த தங்கை, "அண்ணா, கல்யாணத்துக்குப் பிறகு நான் ஆசிரியர் வேலையை விட்டுவிட வேண்டுமாம். எனக்குச் சம்மதமில்லை" என்றாள். வந்தவர் மனத்தாங்கலோடு போயினர். பெரியப்பா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. பிற்காலத்தில் அவள் வேறொருவரை, பேசிப் பழகியே மணந்தாள். இப்போதும் பள்ளியில் கற்பிக்கிறாள். அந்த இருபது நிமிஷம் இல்லாதிருந்தால் அவளுடைய படிப்பு என்னவாகியிருக்கும்?

நம் மணவறையை நினைத்துப் பாருங்கள். விதானத்திற்கு அதில் குறைவில்லை. பூவும் வாழையும் தோரணமும் நிறைந்திருக்கும். அதன் கீழ் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து சபையை நோக்குகின்றனர், ஒருவரையொருவர் நோக்குவதில்லை. 1982 மார்ச்சு முதல் நடப்பில் உள்ள இந்நாட்டுத் திருமணச் சட்டம், இருவரும் மனமொப்பிச் சம்மதித்தாலன்றித் திருமணத்தைப் பதியக் கூடாதென்கிறது. முகமறியாதவரின் சம்மதம் கையொப்பமாகுமேயன்றி மனமொப்பியதாகுமா?

ஆதலின் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆறும் ஓடமும் வேண்டியதில்லை. நிச்சயதார்த்தத்திற்கு முன் வீட்டு வாசலிலோ, படிப்பகத்திலோ, பலர் நடமாடும் பூங்காவிலோ இருவரைப் பேச விடுங்கள். ஒரு முறையன்று, பல முறை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நீங்கள் இருங்கள். காதுக்கு எட்டாத தூரத்தில் அவர்கள் இருக்கட்டும். பேசிய பின் பெண் "வேண்டாம்" என்றால் அதனைக் குடும்பத்திற்கு நேர்ந்த இழிவாகக் கொள்ளாமல், நல்ல வேளையாக முன்னரே தெரிந்ததென்று ஏற்றுக் கொள்ளுங்கள். பந்தலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு வெள்ளியும் இதற்கு ஆகாது. இரண்டு நாற்காலிகள் போதும். அவற்றை எதிரெதிரே போட வேண்டும்.