கடுவனின் எல்லை

பூனை குந்தியிருந்து சிறுநீர் கழிப்பது வேறு, பீச்சியடிப்பது வேறு. பீச்சும் கடுவன் நின்றபடியே வாலை நிமிர்த்தும், வால்நுனி நடுங்கும். பின்பக்கமாகச் சுவரிலோ கதவு நிலையிலோ கொஞ்சமாகத் தெறிக்கும். தன் எல்லையைச் சொல்லும் அதன் பாஷை இது. பக்கத்து வளவுக் கடுவன் யன்னலடியில் வந்துபோனால் அந்தப் பேச்சு இன்னும் கூடும். அடித்துத் திருத்த முடியாது. பயந்த பூனை மேலும் பீச்சும். (அடிக்கடி குந்தி, முக்கி, ஒன்றும் வராமல் கத்தினால் அது வேறு விஷயம். மூத்திரவழி அடைத்திருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்; தாமதித்தால் உயிர் போய்விடும்.)

எங்கள் வீட்டுக் கடுவன் தெரிவுசெய்த இடங்களில் ஒன்று உம்மா முஸல்லா வைக்கும் மூலை. பூனை வாய்வைத்த தண்ணீர் சுத்தமானது. அபூகதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனைக்குச் சரித்துக் கொடுத்த ஹதீஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மூத்திரம் அப்படியல்ல, நஜீஸ். நன்றாகக் கழுவியும் போகாத வாடை மட்டும் எஞ்சினால் மன்னிப்புண்டு என்று சொல்லிப் பார்த்தேன். உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"சாக்குல போட்டுச் சந்தைப் பக்கம் உட்டுட்டு வா மகன்."

சந்தையில் விடப்படும் பூனைகளின் கதி எனக்குத் தெரியும்.

மனைவி குளோரின் போத்தலைத் தூக்கினாள். தடுத்தேன். மூத்திரத்து அமோனியாவோடு அது சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். சவர்க்காரத் தண்ணீராலும் பிறகு வினாகிரியாலும் கழுவினோம். மூக்குக்கு நின்றது; கடுவன் நிற்கவில்லை.

நலமடித்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது கடுவன்கள் பீச்சுவதை விட்டுவிடும், அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும் என்றார் வைத்தியர். ஆனால் நாங்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். உண்ணப்படாத பிராணியை நலமடிப்பது கூடாதென்று இமாம் நவவி எழுதியிருக்கிறார். ஹனபி மத்ஹபில், தீங்கைத் தடுக்கவென்றால் பூனைக்கு அனுமதியுண்டு. மௌலவி இரண்டையும் விரித்துச் சொல்லிவிட்டு, "தெருவில எறியிறத ரெண்டு மத்ஹபும் ஏற்காது சேர்" என்றார். உம்மா நெடுநேரம் யோசித்தார்.

"நோகுமா மகன்?"

"மயக்க மருந்து குடுப்பாங்க உம்மா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கூடையைத் துடைத்துப் பழைய சாரனை விரித்துவைத்தார்.

அன்றோடு எல்லாம் நின்றுவிடவில்லை. சில வாரங்கள் பிடித்தன. இப்போதும் கதவடியில் நின்று வாலைத் தூக்கி நடுங்கவைக்கும், ஒன்றும் வராது. அதைக் கண்டதும் உம்மா தும்புத்தடியைத் தேடுகிறார்.