ஏரிக்கரையில் கற்ற பாடம்

கேலாங்கிலிருந்து முதுகுப்பையுடன் மலாவிக்குப் புறப்பட்டபோது, கற்பிக்கச் செல்கிறேன் என்றே எண்ணியிருந்தேன். ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமுள்ள மலாவி ஏரியின் கரையில், தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டு வாரத் தொண்டூழியம்.

1994இல் அந்நாடு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியதும் ஏறத்தாழ 10 இலட்சம் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தனர். வகுப்பறைகள் அவ்வேகத்தில் பெருகவில்லை. என் முன்னே நூற்றுக்கு மேற்பட்டோர் தரையில் அமர்ந்திருந்தனர். முப்பது பேருக்குப் பழகியவன் நான், திணறினேன். ஆங்கிலத்தில் கேட்ட வினாவுக்கு அமைதியே விடையாயிற்று. அவ்வூர் ஆசிரியை அதையே சிச்சேவா மொழியில் கேட்டார். கைகள் காடாய் உயர்ந்தன. தமிழ் கற்பிக்கும் எனக்கு இதைச் சொல்லித்தர அவர் வேண்டியிருந்தது.

விடைபெறும் நாளில், “மீண்டும் எப்போது வருவீர்கள்?” என்றார். விடை சொல்ல இயலவில்லை. மறுநாளும் அந்த நூறு பேர்முன் நிற்கப்போகிறவர் அவரல்லவா?