உண்மை பேசும் பெட்டி

நம்மைப் புகழ்வோர் தேடாமலே வந்து சேர்வர். குறை கூறுவோரைத்தான் தேடிக் கொள்ள வேண்டும். தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு இதனை உணர்த்தியது ஒரு ஜோடி ஒலிபெருக்கிப் பெட்டிகள் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நகைத்த பின்னராயினும் நாம் சொல்வதைச் சற்றுக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

நாம் படித்தது சிங்கப்பூரில், ஆங்கிலப் பள்ளியொன்றில். அப்பொழுது தஞ்சோங் பகாரில் தாய்மாமன் இல்லத்தில் தங்கியிருந்தோம். ஜொகூரிலிருந்து வரும் ரயில், 2011-ஆம் ஆண்டு வரை, அவர் வீட்டருகே உள்ள நிலையத்திலேயே வந்து நிற்கும். பள்ளியின் வாத்தியக் கோஷ்டியில் வயலின் பிடித்த நாள் முதல் மேனாட்டுச் சங்கீதத்தில் நமக்கு ஒரு பித்து. இன்று செம்பனைத் தோட்டத்தில் செக்ரோல் எழுதுகிறோமாயினும், விடுமுறை கிடைத்தால் மாமன் வீட்டுச் சிற்றறைக்கு ஓடி வந்துவிடுகிறோம். அங்கே வயலின், செல்லோ, டபிள் பாஸ், கொம்பு, முரசு ஆகியவற்றின் ஓசைகளைக் கணினியில் கோத்துப் பாட்டமைக்கிறோம். ஒன்றையொன்று விழுங்காதபடி அவ்வோசைகளை அளந்து சேர்ப்பதே கலவை வேலை.

சென்ற ஆண்டு தோட்டத் தமிழ்ப் பள்ளியின் விழாவுக்கென ஒரு பாட்டுச் செய்தோம். காலஞ்சென்ற நம் தந்தையார் கோயிலில் வாசித்த நாதசுரம் பதிவாகியிருந்தது. அதைச் சுற்றி ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை அமைத்தோம். அறையில் கேட்டபோது நமக்கே கண் கலங்கிற்று. விழா மண்டபத்திலோ நாதசுரம் மட்டும் கீச்சிட்டு ஒலித்தது. கீழ்த்தந்திகள் எங்கே போயினவென்று தெரியவில்லை. ஆயினும் எல்லோரும் கைதட்டினர். “பிரமாதம், கிராணி ஐயா!” என்றனர். செக்ரோல் எழுதுபவனிடம் வேறென்ன சொல்வார்கள்? மாமா ஒருவரே அருகில் வந்து, “தம்பி, உன் தகப்பன் தனியாக நின்று கத்துவதுபோல் இருந்தது. அவன் காலடியில் தரையே இல்லை” என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணத்தை ஆராய்ந்தோம். நம்மிடமிருந்தவை பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்ட பெட்டிகள். அடியோசையையும் உச்சியோசையையும் மிகைப்படுத்திக் காதுக்கு இனிப்பூட்டுபவை. அறையோ அதனினும் பெரிய பொய்யன். முன்சுவர்க்கும் பின்சுவர்க்கும் இடையே 3.1 மீட்டர். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வது. வினாடிக்கு 55 முறை அதிரும் ஓசையின் அலை நீளம் ஏறக்குறைய 6.2 மீட்டர், அதில் பாதி நம் அறையின் நீளம். டபிள் பாஸின் ஏ தந்தி அதிர்வதும் அதே 55 முறைதான்! அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அது சுவர்களுக்கிடையே தேங்கி வீங்கும். அவ்வீக்கம் சுவரோரத்தில்தான் மிகுதி. நம் நாற்காலியோ பின்சுவரை ஒட்டியிருந்தது. அடியோசை அதிகமென்று எண்ணி அதைக் குறைத்துக் கொண்டே வந்தோம். மண்டபத்தில் அவ்வீக்கம் இல்லை. நாம் குறைத்தது மட்டுமே எஞ்சிற்று.

ஆதலின், சில மாதச் சேமிப்பை எடுத்துக்கொண்டு, கலவைக்கெனவே செய்யப்படும் மானிட்டர் பெட்டிகளைத் தேடி மாமாவுடன் நகரத்துக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் 8 அங்குலக் கூம்புடைய பெட்டியை முழங்க வைத்தார். மயங்கிவிட்டோம். கணக்கும் அதன் பக்கமே நின்றது. நான்கு தந்தி டபிள் பாஸின் கடைசிச் சுரம் 41 அதிர்வு. 8 அங்குலப் பெட்டி பொதுவாக 40 வரை இறங்கும். 5 அங்குலப் பெட்டி 50 அளவில் நின்றுவிடும். பணத்தை எடுக்கும் வேளையில், துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்த மாமா, “பெரிய கப்பல் நல்லதுதான், தம்பி. துறைக்கு ஆழம் உண்டா என்று பார்த்தாயா?” என்று வினவினார். 1972-இல் தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் தொடங்கிய தஞ்சோங் பகாரில் வேலை பார்த்தவர் அல்லவா! சிற்றறையில் பெட்டி எவ்வளவு ஆழமாகப் பாடுகிறதோ, அவ்வளவும் அறையின் வீக்கத்துக்குத் தீனியே.

வெறுங்கையுடன் திரும்பினோம். அந்த வாரமே எஸ்பிளனேட் அரங்கில் சிங்கப்பூர் ஸிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்டோம். 1979-இல் தோன்றிய அக்கோஷ்டியின் டபிள் பாஸ்கள் முழங்கவேயில்லை. மற்றவற்றைத் தாங்கி நின்றன. அந்த நினைவு காதில் இருக்கும்போதே மீண்டும் கடைக்குச் சென்று, புடாபெஸ்ட் ஸிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்து 2005-இல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசக இசைத்தட்டை, ஒரே உரப்பில், இருவகைப் பெட்டியிலும் மாற்றி மாற்றிக் கேட்டோம். 5 அங்குலப் பெட்டியில் இனிமை குறைவு. ஆனால் நடுவில் ஒளிந்திருக்கும் வயோலாக்கள் தனித்துத் தெரிந்தன. யமாஹா நிறுவனம் 1978-இல் வீட்டுக்கென வெளியிட்ட என்எஸ்-10 என்னும் வெள்ளைக் கூம்புப் பெட்டி, 2001 வரை உற்பத்தியாகி, உலகத்து ஒலிப்பதிவகங்களில் இடம் பெற்றதும் இனிமையாலன்று, குறையை மறைக்காமையால்தான்.

5 அங்குலப் பெட்டிகளையே வாங்கினோம். எஞ்சிய பணத்தில் அறை மூலைகளுக்குக் கனத்த பாறைப் பஞ்சுப் பலகைகளும், அடிச்சுரங்களைச் சரிபார்க்க ஒரு நல்ல காதணிக் கருவியும் வாங்கினோம். இரு பெட்டிகளும் நம் தலையும் சமபக்க முக்கோணமாக அமையவும், உச்சியோசைக் கூம்பு காது மட்டத்தில் நிற்கவும் செய்து, நாற்காலியைப் பின்சுவரிலிருந்து விலக்கினோம். ஒலியின் உரப்பையும் ஓரளவில் நிறுத்தினோம். உரப்புத் தாழும்போது நம் செவி அடியோசையை அதிகமாக இழக்கிறதென்று பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே காட்டியுள்ளனர். பேரறை உடைய அன்பர்கள் 8 அங்குலமே வாங்கலாம். நம் முடிவு நம் அறைக்கு மட்டுமே.

புதிய பெட்டியில் பழைய பாட்டைக் கேட்டபோது வெட்கமாயிருந்தது. பெட்டி முகத்தாட்சணியம் பார்க்கவில்லை. நான்கு விடுமுறைகள் உழைத்துத் திருத்தி, ஆளில்லா மாலையொன்றில் அதே மண்டபத்தில் மாமாவை அமர்த்திப் போட்டோம். கண்களை மூடிக் கேட்டார். முடிந்தபின் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “உன் தகப்பன் வந்துவிட்டான். ஆனால் முரசு அதிகம், தம்பி” என்றார்.

குறித்துக்கொண்டோம். முரசைக் குறைக்க அடுத்த விடுமுறைக்குத் தஞ்சோங் பகார் செல்கிறோம்.