உப்பளம் உணர்த்தும் கணக்கு

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? அகஸ்தியன்பள்ளியை நெருங்கும்போது கட்டங்கட்டமாக உப்புப் பாத்திகள் கண்முன் விரியும். 1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜியின் தலைமையில் சட்டத்தை மீறி உப்பு அள்ளப்பட்ட மண் இது.

இங்கே உவர்நீரை நேரே விளைபாத்தியில் விடுவதில்லை. வெயிலில் சுண்டச் சுண்டப் பதம் பார்த்தே அடுத்த பாத்திக்குத் திருப்புகிறார்கள். பதம் வராத நீரில் உப்புப் பூக்காது.

பிள்ளைகளின் கணக்கறிவும் அத்தகையதே. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை முதலில் சோதித்தறிந்து, அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தது இந்த நோக்கில்தான்.

இல்லத்திலும் இதைச் செய்யலாம். "42-இல் 17 போனால் மீதி எவ்வளவு?" என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். 35 என்று விடை வந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். எப்படி வந்தது எனக் கேளுங்கள். 2-இலிருந்து 7 போகாது என்பதால், 7-இலிருந்து 2-ஐக் கழித்திருப்பதாகப் பிள்ளையே சொல்லக்கூடும். பத்துப் பத்து ஈர்க்குச்சிகள் கொண்ட நான்கு கட்டுகளையும், இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்து, 17 எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும் என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும். மீதி 25.

அந்தப் பதம் வந்த பின்னரே அடுத்த பாடத்தைத் திறந்துவிடுங்கள்.