டபுள் டோஸ்!

ஆபீஸில் 'டோஸ்' என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேட்மென்ட் ஒரு நாள் லேட்டானால் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கொடுப்பாரே, அது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 'டபுள் டோஸ்' என்பது ஒரு பீர். 2014-ல் இரண்டு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, ஒரே கொப்பரையில் காய்ச்சி, இரண்டு பேர் பெயரையும் போட்டு விற்ற பீர்.

இரண்டும் ஒரே மாநிலம், ஒரே சரக்கு. அதாவது, போட்டிக் கம்பெனிகள். நம்மூரில் எதிரெதிர் டீக்கடைக்காரர்கள் ஒரே பாய்லரில் டீ போட்டு, "இது நம்ம ரெண்டு பேர் டீ" என்று கொடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். பி.காமில் பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸ் படித்த மூளைக்கு இது அரிப்பெடுக்காதா? இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவார்கள்? பார்த்துவிடுவது என்று அக்டோபர் மாதத்தில் கிளம்பிவிட்டேன்.

(இதழை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். இது கணக்குக் கட்டுரைதான்.)

வெர்மான்ட் சின்ன மாநிலம். மொத்த ஜனத்தொகை ஏழு லட்சம்கூட இல்லை. மலை, மாடு, மேப்பிள் மரம். அக்டோபரில் அந்த மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கல்யாண வீடு மாதிரி நிற்கின்றன. ரோட்டோரத்தில் விளம்பரப் பலகை வைக்க 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள். கட்அவுட்டிலேயே வளர்ந்த கண்ணுக்கு முதல் அரை மணி நேரம் எதையோ தொலைத்தது போல இருக்கிறது. அப்புறம் பழகிவிடுகிறது.

பர்லிங்டன் நகரத்தில் இருக்கும் கல்லூரி நண்பன் கார் எடுத்தான். "மச்சி, வண்டி ஓட்டறது நான். அதனால எனக்குத் தண்ணின்னா நிஜத் தண்ணிதான். நீ ருசி பார்த்து எழுது" என்று முதலிலேயே ஷரத்து போட்டுவிட்டான்.

கதை பர்லிங்டனிலேயே ஆரம்பிக்கிறது. கிரெக் நூனன் என்று ஒரு மனிதர். சொந்தமாக பீர் காய்ச்சி அங்கேயே விற்க அப்போது மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. நடையாய் நடந்து சட்டத்தை மாற்ற வைத்து, 1988-ல் 'வெர்மான்ட் பப் அண்ட் ப்ரூவரி'யைத் திறந்தார். அதோடு விட்டாரா? தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்க வேண்டியதைப் புத்தகமாகவே எழுதினார். வந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 2009-ல் இறந்துபோனார். இந்த ஊர்க்காரர்கள் தொழிலை ஒளித்து வைக்காததற்கு அவர்தான் பிள்ளையார் சுழி என்று சொல்ல வேண்டும்.

அவரிடம் வேலை கற்றவர்களில் ஒருவர் ஜான் கிம்மிக். மனைவி ஜென்னோடு சேர்ந்து 2003-ல் வாட்டர்பரி என்கிற ஊரில் 'தி ஆல்கெமிஸ்ட்' என்று கடை போட்டார். பர்லிங்டனிலிருந்து காரில் அரை மணிதான். அங்கே அவர் காய்ச்சிய 'ஹெடி டாப்பர்' என்ற பீர்தான் கலங்கல் பீருக்கெல்லாம் தாத்தா.

கலங்கல் என்றால்? சாதாரண பீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இது கலங்கிய பதநீர் மாதிரி இருக்கும். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்துக் கொதிக்க வைப்பார்கள். அந்தக் கஷாயத்தில் ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவைப் போடுவார்கள். கசப்பும் வாசனையும் அந்தப் பூ தருவதுதான். கொதிக்கும்போது போட்டால் கசப்பு இறங்கும். வாசனை ஆவியோடு போய்விடும். ரசத்தில் கொத்தமல்லியைக் கடைசியில் போடுகிறோமே, அதே கதை. ஆகவே இந்த ரகத்தில் பெரும்பகுதிப் பூவை அடுப்பை அணைத்த பிறகும், ஈஸ்ட் போட்டு நொதித்துக்கொண்டிருக்கும்போதும் அள்ளிக் கொட்டுகிறார்கள். ஓட்ஸ், கோதுமையும் பலர் சேர்க்கிறார்கள். தானியத்தின் புரதமும் பூவின் சத்தும் கைகோத்து மிதக்க, வடிகட்டாமல் அப்படியே விட்டுவிட்டால் அதுதான் கலங்கல். 'டபுள்' என்றால் பார்லியும் அதிகம், பூவும் அதிகம், போதையும் அதிகம். சாதா பீர் 5 சதவிகிதம் என்றால் இது 8 சதவிகிதம். 473 மில்லி கேன் ஒன்று காலியானால், 355 மில்லி சாதா பீர் இரண்டு உள்ளே போனதாகக் கணக்கு. "ஒண்ணுதான் சார் குடிச்சேன்" என்ற வாதம் இங்கே செல்லாது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ரகத்தின் பெயர் ஐ.பி.ஏ. 'ஐ' என்றால் இந்தியா. கம்பெனி காலத்தில் லண்டனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் கப்பலில் ஆடி, நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்த பீரின் வம்சம். தாத்தா அத்தனை கடலைத் தாண்டியும் கெடவில்லை. இந்தப் பேரனோ ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில வாரங்களில் வாசனை போய் வாடிவிடுகிறான். பதுக்கவும் முடியாது, விலை ஏறட்டும் என்று வைத்திருக்கவும் முடியாது. பதுக்க முடியாத சரக்கை விற்கிறவர்களுக்குப் பதுக்கும் புத்தியும் குறைவோ என்னவோ.

2011 ஆகஸ்ட் 28. ஐரீன் புயல். வாட்டர்பரியில் ஆறு ஊருக்குள் புகுந்தது. கிம்மிக் தம்பதியின் கடையில் பீர் காய்ச்சும் இடம் தரைக்குக் கீழே. எட்டு வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் சேற்றுக்கடியில். ஊரின் இன்னொரு பக்கம் அவர்கள் கட்டியிருந்த புதிய கேன் தொழிற்சாலை தப்பியது. இரண்டே நாளில் அங்கிருந்து முதல் ஹெடி டாப்பர் கேன் வெளியே வந்தது!

அந்த நேரத்தில் போட்டிக்காரன் என்ன செய்வான்? "ஒருத்தன் ஒழிஞ்சான்" என்று அவன் கஸ்டமரைப் பிடிப்பான். நடந்தது வேறு. நாட்டின் அடுத்த கோடியில், கலிஃபோர்னியாவின் 'ஸ்டோன்' கம்பெனியும் ஆரிகனின் 'நின்காசி'யும் ஆல்கெமிஸ்டோடு சேர்ந்து அதே வருஷம் ஒரு பீர் காய்ச்சின. லாபம் வெள்ள நிவாரணத்துக்கு. கறுப்பாக வர வேண்டிய பீர் பழுப்பாக வந்துவிட்டதாம். பெயரே 'கறுப்பைவிடப் பழுப்பு அதிகம்' என்று வைத்துவிட்டார்கள்.

"அது தர்ம காரியம்டா. கணக்குல நன்கொடைன்னு எழுதிடலாம். நீ பார்க்க வந்தது வியாபாரமாச்சே" என்றான் நண்பன். சரியான ஆடிட் அப்ஜெக்ஷன்.

தெற்கே இருபது கிலோ மீட்டர் சொச்சம் போனால் 'மேட் ரிவர்' பள்ளத்தாக்கு. பைத்தியக்கார ஆறு. நாங்கள் போன அன்று சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கே வாரன் என்ற கிராமத்தில், 2008-ல் ஷான் லாசன் என்பவர் தன் வீட்டை ஒட்டி 'லாசன்ஸ் ஃபைனஸ்ட் லிக்விட்ஸ்' ஆரம்பித்தார். ஒரு தடவை காய்ச்சினால் ஒரே பீப்பாய், சுமார் 117 லிட்டர். நம்மூர் கல்யாண ரசத்துக்கு வைக்கும் அண்டா இதைவிடப் பெரிது. ஆனால் ருசி பரவிவிட்டது. ஆட்கள் தேடி வந்தார்கள். கொடுக்கச் சரக்கு இல்லை. 2011-ல் ஏழு பீப்பாயாகப் பெருக்கினார். அதுவும் போதவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் மிடில்பரி ஊரில் 'ஆட்டர் க்ரீக்' கம்பெனி. 1991-லிருந்து இருப்பது. பெரிய கொப்பரை, பெரிய தொட்டி, கடைகளுக்கு அனுப்ப ஏற்பாடு எல்லாம் உண்டு. ஆனால் பழைய கம்பெனி என்றால் புது ருசி தேடும் இளவட்டம் திரும்பிப் பார்க்காதே! இவரிடம் பெயர் இருக்கிறது, பாத்திரம் இல்லை. அவர்களிடம் பாத்திரம் இருக்கிறது, பரபரப்பு இல்லை. 2014-ல் மிடில்பரி கொப்பரையில் இரண்டும் சேர்ந்தன. டபுள் டோஸ், எட்டரை சதவிகிதம்.

இப்போது பி.காம். கேள்வி. இது பார்ட்னர்ஷிப்பா? நம் 1932-ம் வருஷச் சட்டப்படி பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு, ஒருவர் செய்ததற்கு மற்றவரும் பொறுப்பு. இந்தத் தொழிலில் கூட்டுக் காய்ச்சல் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. யார் கூரையின் கீழ் காய்கிறதோ அவர் லைசென்ஸ், அவர் பெயரில் வரி. விருந்தாளி கொண்டு வருவது கைப்பக்குவமும் பெயரும். ஆக, முதல் போட்டவர் ஒருவர்; இன்னொருவர் போட்டது பேரேட்டில் எழுத முடியாத ஒன்று.

அதே வருஷம் லாசன் இன்னொரு வேலையும் செய்தார். கனெக்டிகட் மாநிலத்தில் 'டூ ரோட்ஸ்' என்ற கம்பெனியின் கொப்பரையில் தன் 'சிப் ஆஃப் சன்ஷைன்' என்ற டபுள் ஐ.பி.ஏ.வைக் காய்ச்ச ஆரம்பித்தார். பாத்திரம்தான் அவர்களுடையது, பீர் முழுக்க இவருடையது. அடுத்தவர் சமையலறைகளில் காய்ச்சிக் காய்ச்சியே வளர்ந்து, 2018-ல் வெய்ட்ஸ்ஃபீல்டில் சொந்தமாகப் பெரிய இடமும் விருந்தினர் கூடமும் திறந்துவிட்டார்.

அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்தோம். ஒரு சின்ன கிளாஸ் சிப் ஆஃப் சன்ஷைன் வந்தது. மாம்பழம், ஆரஞ்சு, கடைசியில் லேசாகப் பைன் மரப் பிசின் வாசனை. எட்டு சதவிகிதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியவில்லை. அதுதான் ஆபத்து. நண்பன் சோடாவைக் குடித்தபடி என்னைப் பொறாமையாகப் பார்த்தான்.

பில் வந்தபோது டிப்ஸ் வைக்கப் போனேன். வாங்குவதில்லையாம். ஊழியர்களுக்குச் சம்பளத்தையே ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறார்கள். டிப்ஸ் தர வேண்டும் என்று கை துறுதுறுத்தால் தர்ம ஸ்தாபனங்களுக்கான நிதியில் போடலாம். போட்டேன். எத்தனை என்று கேட்காதீர்கள். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் வியாதி எனக்கும் உண்டு.

அங்கிருந்து மலை ஏறினோம். லிங்கன் கணவாய், சுமார் 2,400 அடி. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கார் மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. எதிரே ரோடு தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. "ஃபர்ஸ்ட் கியர்லகூட முனகுதுடா" என்றான் நண்பன். அவன் குடிக்காமல் வந்ததற்கு என் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னேன்.

இறங்கினால் மிடில்பரி. 1800-ல் ஆரம்பித்த காலேஜ், ஊர் நடுவில் ஒரு அருவி. அருவியின் ஆறுதான் ஆட்டர் க்ரீக், நீர்நாய் ஓடை. கம்பெனிக்கும் அதே பெயர். கம்பெனி கதைதான் சோகம். ஏற்கெனவே கை மாறி வேறொரு குழுமத்தில் இருந்தது. 2022-ல் அந்தக் குழுமத்தையே பாஸ்டனின் 'ஹார்பூன்' கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 2024-ல் அமெரிக்கா முழுக்கவே இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளில் திறந்தவற்றைவிட மூடியவை அதிகம். ஆகவே, கூட்டுச் சேர்ந்தால் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று நீதிபோதனை சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. இரண்டு கூட்டாளிகளில் வீட்டோரம் அண்டா வைத்திருந்தவர் வளர்ந்தார்; பெரிய கொப்பரைக்காரர் கை மாறினார்.

அப்படியானால் கூட்டால் என்ன லாபம்? 'குட்வில்' என்று ஒரு பாடம் படித்தோமே, நினைவிருக்கிறதா? கம்பெனியை விற்கும்போதுதான் அதற்கு விலை போடுவார்கள் என்று எழுதி மார்க் வாங்கினோம். இங்கே கொப்பரை விலை போயிற்று, பெயர்ப் பலகை விலை போயிற்று. ஆனால் நூனன் சொல்லிக் கொடுத்ததை எந்த ஓனரும் வாங்க முடியவில்லை. அது கை மாறுவதில்லை, ஆள் மாறித்தான் போகிறது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாத சொத்து அது ஒன்றுதான்.

அருவிப் பாலத்தில் நின்று நண்பன் சொன்னான்: "தெரியுமா மச்சி, அந்தப் பக்கம் பார்த்தியே பைத்தியக்கார ஆறு... அது வடக்கே போய் வேற ஆத்துல கலந்து சாம்ப்ளெய்ன் ஏரில விழுது. இதுவும் வடக்கே போய் அதே ஏரிலதான் விழுது. நடுவுல இத்தனை பெரிய மலை!"

"ரெண்டும் சேர்ந்து என்ன பண்ணுதாம்?"

"கலங்கலா இருக்கும், வேறென்ன!" என்றான், சொட்டுக்கூடக் குடிக்காதவன்.